பாலை முதலில் விட்டவள்

இப்போது அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம். இறைச்சி, மீன், முட்டை, பால், நெய், தேன் என்று உயிருள்ளவற்றிலிருந்து வருகிற ஒன்றையும் வாயில் வைக்காதவர்களுக்கு உலகம் முழுக்க ஒரே பெயராம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இருக்கவில்லை. "அவட பழக்கம்" என்போம், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தால்தான் என் மூத்த மகளுக்குப் பேசிய கலியாணம் குழம்பியது என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. அது பிழை. குழப்பியது நான். ஊர் சொல்வதை நான் இவ்வளவு காலமும் மறுக்காமல் இருந்ததற்குக் காரணம், அது எனக்கு வசதியாக இருந்ததுதான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாப்பா மௌத்தாகி, வீட்டில் உழைக்க ஆள் இல்லாமல் போனபோது எனக்கு ஒன்பது வயது. மடுவத்தில், அதாவது மாடு அறுக்கிற இடத்தில், இரத்தம் கழுவத் தண்ணீர் அள்ளுகிற வேலையில் தொடங்கினேன். முப்பது வயதில் கல்முனைச் சந்தையில் எனக்குச் சொந்தமாக இறைச்சிக்கடை. யாருடைய தயவும் இல்லை. மாட்டின் திமிலை ஒரு தரம் அமுக்கிப் பார்த்து, தோலுக்குள் இறைச்சி எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று நான் சொன்னால் தராசு வெட்கப்பட வேண்டும். சாய்ந்தமருதிலிருந்து வருகிறவன் வழியில் நாலு கடையைத் தாண்டி என் கடைக்குத்தான் வருவான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். கல்வியில்லாதவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

மூத்தவள் நடக்கத் தொடங்கிய வருடமே அவளுக்கு வீடு கட்ட அத்திவாரம் வெட்டிவிட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். அந்த வீட்டு அடுப்பில் ஆக்கியதைத் தின்று, அந்த வீட்டிலேயே கடைசிவரை இருப்பான். நானும் அப்படி வந்தவன்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான் நடந்தது.

எழுபத்தெட்டில் கிழக்கிலங்கையைச் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் அவளுடைய பழக்கம் தொடங்கியது. அவளுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும். ஒரு காலையில் பால்தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள்.

"ஏன்டி, பால் புளிச்சிட்டா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்ல உம்மா. வேணா. வெறுந்தேத்தண்ணி தாங்க."

அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக் குணம், நாலு நாளில் போய்விடும் என்றிருந்தோம். போகவில்லை. பிறகு தயிரை விட்டாள். பிறகு நெய், முட்டை. அடுத்த நோன்பு வந்தபோது இறைச்சி போட்ட நோன்புக் கஞ்சியைத் தொடவில்லை. பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் நோன்பு திறந்தாள். கடைசியாக மீனும் போனது. கடலோரத்தில் பிறந்த பிள்ளை! எங்கள் பக்கத்தில் சம்பலுக்கு மாசிக் கருவாடு இடித்துப் போடாவிட்டால் அது சம்பலே இல்லை. அவள் அம்மியை மூன்று தரம் கழுவிவிட்டுத் தனக்கென்று மாசி இல்லாமல் தனியாக அரைத்தாள்.

எனக்கு விளங்காதது ஒன்று. இறைச்சியை விடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். என் தொழிலில் காணாமல் இருக்க முடியாது. வைத்தியர் சொல்லி விடுகிறவர்கள், நேர்ச்சை வைத்து விடுகிறவர்கள், அறுப்பை ஒரு நாள் பார்த்துவிட்டு ஒரு கிழமைக்கு விடுகிறவர்கள். எல்லோரும் இறைச்சியில்தான் தொடங்குவார்கள். பாலில் தொடங்கியவளை நான் கண்டதே இல்லை. பாலில் என்ன இரத்தம் இருக்கிறது? ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கு ஏலா வாப்பா." முடியாதாம், அவ்வளவுதான். அடித்தும் பார்த்தேன். அதே பதில்.

தாயத்துக் கட்டினோம். ஓதிய தண்ணீர் கொடுத்தோம். தண்ணீரைக் குடித்தாள், தாயத்தைக் கட்டிக்கொண்டாள், இறைச்சியைத் தொடவில்லை. கடையில் எனக்குப் பகிடி தொடங்கியது.

"என்ன முதலாளி, ஒங்கட மகளே தின்னாத இறைச்சியத்தான் எங்களுக்கு விக்கிறீங்களா?"

"அவ தின்னாததாலதான்டா ஒனக்கு நல்ல துண்டு மிஞ்சுது. கொண்டு போ."

வாயால் நான் யாருக்கும் தோற்றவனில்லை. ஆனால் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்தப் பகிடி கூடவே வரும்.

என் மனைவியின் பக்கத்து உறவுக்காரர் ஒருவர், அல்லாஹ் ஹலாலாக்கியதை இந்தப் பிள்ளை ஹறாமாக்குகிறாள், இது ஈமானுக்கே கேடு என்று பள்ளிவாசலில் கதைத்துவிட்டார். எனக்கு ஆத்திரம். மகளைத் தலையை மூடச் சொல்லி நேரே மௌலவியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நிதானமான மனிதர். என்னைப் பேசவிடாமல் அவளிடம் கேட்டார்.

"மகள், இறைச்சி தின்னுறது ஹறாம் எண்டு சொல்றயா?"

"இல்ல மௌலவி."

"தின்னுறவங்க பாவம் செய்றாங்க எண்டு நினைக்கயா?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். "இல்ல. எனக்கு ஏலா."

மௌலவி என் பக்கம் திரும்பினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னால் உடும்பு இறைச்சி வைக்கப்பட்ட கதையைச் சொன்னார். அவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். ஹறாமா என்று கேட்டதற்கு இல்லை என்றார்கள். தங்கள் ஊரில் அது இல்லை, மனதுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். பக்கத்தில் இருந்தவர் அதை இழுத்துவைத்துத் தின்றார், தடுக்கவில்லை. "மனசு ஏற்காதத விடுறதுக்கு ஆளுக்கு உரிமை இரிக்கு. அடுத்தவனத் தடுத்தாத்தான் வழக்கு," என்றார். வெளியே வந்ததும் அந்த உறவுக்காரரின் வாசலில் நின்று இதை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மார்க்கத்தில் ஜெயித்தேன். ஊரில் ஜெயிக்கவில்லை.

சூறாவளிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மாடு அருமையாகிவிட்டது. பொத்துவில் வரைக்கும் போய்த்தான் கொண்டுவர வேண்டும். அப்படி ஒரு தரம் போனபோது, கடலில் பலகை ஏறி விளையாட வெள்ளைக்காரர்கள் வருகிற அந்தப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டேன். கடைக்காரர் பால்தேத்தண்ணி ஊற்றப் போக, கிளாஸைக் கையால் மூடினாள்.

"இவ பாலும் குடிக்கா காக்கா," என்றார் கடைக்காரர். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். "முட்டையும் இல்ல. ரொட்டிக்கு நெய் போட்டதா எண்டு மூணு தரம் கேட்டுட்டா."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். "சாமியார்ப் பொம்புளையா?"

"சாமியும் இல்லயாம், கோயிலும் இல்லயாம். கேட்டுட்டன்."

"ஏனெண்டு கேளுங்க. நான் தேத்தண்ணிக்குக் குடுக்கன்."

கடைக்காரர் வெள்ளைக்காரர்களிடமே இங்கிலீசு படித்தவர். அவள் நீளமாகக் கதைத்தாள். அவர் அதைச் சுருக்கி எனக்குத் தந்தார். "அவட நாட்டில முந்திப் பெரிய சண்டை நடக்கக்குள்ள தச்சுவேல படிப்பிக்கிற ஒரு வாத்தியார் இருந்திரிக்கார். மரக்கறி மட்டும் தின்னுறவங்கட சங்கத்தில ஆளாம். இறைச்சிய விட்டுட்டுப் பால மட்டும் குடிக்கிறது என்ன நியாயம் எண்டு கேட்டு, கொஞ்சப் பேரோட புறிம்பா ஒரு சங்கம் வச்சாராம். பாலும் இறைச்சியும் ஒரே பட்டியில இருந்துதான் வருதாம் காக்கா."

நான் சிரித்தேன். கடைக்காரரும் சிரித்தார். ஆனால் அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை என்பது அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பட்டிக்காரர்கள் பாலை ஒரு பக்கத்தால் விற்பார்கள். கறவை வற்றிய பசுவையும், பால் தராத ஆண் கன்றான நாம்பனையும் மறு பக்கத்தால் எனக்குத் தருவார்கள். பால் குடிக்கிற ஊருக்குத்தான் இறைச்சிக்கடையும் வாய்க்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத நான் இருபது வருடமாக வாயைத் திறக்காமல் வைத்திருந்த கணக்கு அது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "ஒன்னப் போல ஒரு வெள்ளைக்காரியக் கண்டன் புள்ள."

அவள் நான் எதிர்பார்த்ததைக் கேட்கவில்லை. "அவக்கு உம்மா வாப்பா இல்லயா? அவங்க ஒண்டும் சொல்லல்லயாமா?" என்றாள்.

அவளுக்குப் பதினெட்டு ஆனது. வீடு முடிந்து, சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. அப்போதுதான் மற்றக் கதை கிளம்பியது. அவள் நிந்தவூருக்குத் தையல் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பஸ் காரைதீவு வழியாகப் போகும். காரைதீவு தமிழ் ஊர், கோயில் ஊர். இறைச்சிக்கடைக்காரனின் மகள் மரக்கறி மட்டும் தின்கிறாள் என்றால், அதற்குள் காரைதீவுப் பொடியன் ஒருவன் இருக்கத்தான் வேண்டும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பெண் இறைச்சி தின்னாமல் இருப்பதற்கு வேறு காரணம் ஒருவருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தோன்றவில்லை. என் மகளை நான் சந்தேகப்பட்டேன்.

காரைதீவில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். வயல்காரர். உழுது ஓய்ந்த மாடுகளை எனக்குத் தருபவர். தமிழருக்கும் எங்களுக்கும் கலவரம் வந்து, காரைதீவுச் சந்தியைத் தாண்டுவதற்கு இரண்டு தரம் யோசிக்க வேண்டிய காலம் அப்போது இன்னும் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"என்ன கதை இது காக்கா? எங்கட பொடியனுகளுக்காக உங்கட மகள் மரக்கறியா? எங்கட பொடியனுகள் நண்டுக் கறியக் கண்டா அம்மனையே மறந்திடுவானுகள்."

"அப்ப நீங்க மரக்கறி தின்னுறது?"

"வெள்ளிக்கிழமை. மறுகா, வைகாசியில அம்மன்ட சடங்கு முடியிற வரைக்கும். முடிஞ்ச அடுத்த நாள் மீன்காரிய வாசல்ல மறிச்சிருவம்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பாலையும் விட்டுட்டா எண்டுதானே சொன்னீங்க? அப்ப அது எங்கட பக்கத்துப் பழக்கமே இல்ல. பாலும் தயிரும் நெய்யும் இல்லாட்டி எங்கட சாமிக்கே பட்டினிதான் காக்கா. போய்ப் பிள்ளையச் சந்தேகப்படாம இருங்க."

அது எனக்கு விளங்கியது. மனம் இறங்கியது. ஆனால் அதை எந்த வாயால் ஊருக்குச் சொல்வது? காரைதீவுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தேன் என்றா?

அந்த நேரத்தில்தான் அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். மூன்றாம் வகுப்புக்காரனுக்கு எழுதுவினைஞர் மருமகன்! சந்தையில் எனக்கு மூன்று அங்குலம் உயரம் கூடியது. அவனுக்கு வாப்பா இல்லை, உம்மாதான் எல்லாம். அந்த மனுசி கூர்மையானவ. ஊர்க் கதை அவவின் காதுக்கும் போயிருந்தது. "நாங்க வாறம். புள்ள எங்களோட ஒரே சகன்ல இருந்து தின்னட்டும். மறுகா பேசுவம்," என்று ஆள் விட்டா.

சகன் என்றால் பெரிய தட்டு. எங்கள் விருந்தில் ஆறு பேர் ஒரு சகனைச் சுற்றி உட்கார்ந்து தின்போம். சோற்றைக் குவித்து அதன் மேலே கறிகளைச் சுற்றி வைப்பார்கள். தன் முன்னால் இருப்பதைத்தான் தின்ன வேண்டும், தாண்டிக் கை நீட்டக்கூடாது. அது ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தை வைத்தே என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். நெய்ச்சோற்றுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் விட்டு மஞ்சள் சோறு. மகள் இருக்கிற பக்கத்தில் பூசணிக்காய் ஆணம் என்கிற குழம்பும் கத்தரிக்காயும். மற்றப் பக்கமெல்லாம் இறைச்சியும் கோழியும். மகள் தன் முன்னால் உள்ளதைத் தின்பாள். ஒருவருக்கும் குறை இல்லை. மகளும் சரி என்றாள். அவள் அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தாள். அந்தக் கலியாணம் அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த மனுசி சகனைப் பார்த்து "இறைச்சியத் தொடல்லயே" என்று சொல்லுவா, அதற்கு நான் என்ன பதில் சொல்வது என்ற யோசனை. இன்னொன்றும் இருந்தது. ஐந்து வருடம் என் தொழிலை என் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னப் பெண் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு வாய் உள்ளே போனால், ஒன்றும் ஆகாது என்று காட்டிவிடலாம். எல்லாம் மனதில்தான் என்று.

விருந்தாளிகள் முன்னால் உட்கார்ந்திருக்க, குசினிக்குள் போனேன். எலும்பு அவித்த தண்ணீர் சட்டியில் இருந்தது, நல்ல கொழுப்போடு. ஒரு அகப்பை அள்ளிப் பூசணிக்காய் ஆணத்துக்குள் ஊற்றிக் கலக்கினேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"வேணாங்க. பாவம்."

"வாயப் பொத்து. கலியாணம் வேணுமா வேணாமா?"

அவள் வாயைப் பொத்தினாள். அதற்காக அவள் பிறகு என்னை மன்னிக்கவில்லை, தன்னையும் மன்னிக்கவில்லை.

மகள் தின்றாள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் கட்டிய திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்களின் சிரிப்புக் கேட்டது. அந்த ஆணம் அவளுக்குப் பிடித்திருந்ததாம், இரண்டாந்தரமும் விட்டுத் தின்றாளாம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கை கழுவி, வெற்றிலைத் தட்டு வந்தது. மாப்பிள்ளையின் உம்மா திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கதைத்தா.

"எல்லாம் நல்லம். சாப்பாடும் அருமை. ஆனா புள்ள இறைச்சியத் தொடல்லயே மச்சான்?"

இதற்குத்தானே காத்திருந்தேன். "தொட்டா மச்சி! நல்லாத் தொட்டா!" என்று எழும்பி நின்றே சொன்னேன். "அந்தப் பூசினிக்கா ஆணத்துக்குள்ள எலும்புத் தண்ணி ஊத்தினது நான்தான். ரெண்டாந்தரமும் விட்டுத் தின்டிருக்கா. கேட்டுப் பாருங்க, ருசியா இல்லையா எண்டு! ஊர்க்காரங்க சும்மா கதைக்கிறாங்க."

என் பக்கத்து ஆண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"புள்ளக்குத் தெரியுமா?" என்று அந்த மனுசி கேட்டா.

"தெரியாது! அதுதானே கெட்டித்தனம்!"

அவவின் குரல் திரும்ப வந்தது. முன்பைவிட மெதுவாக. "அப்ப எங்கட சட்டிக்குள்ள என்னத்த ஊத்தினீங்க?"

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை பெற்ற தாய்க்கெல்லாம் ஒரே பயம்தான். மாப்பிள்ளையாகப் போகிற வீட்டில் சோற்றுக்குள் மருந்து வைத்து, மகனைத் தாயை மறந்தவனாக ஆக்கிவிடுவார்கள் என்கிற பயம். யாரும் கண்டதில்லை, ஆனால் நம்பாத தாய் இல்லை. மகன் காலத்துக்கும் தின்னப் போகிற அடுப்பு எப்படிப்பட்டது என்று பார்க்க வந்த ஒருத்திக்கு, நான் என் வாயாலேயே, சொந்த மகளுக்கே தெரியாமல் கலந்து கொடுக்கிற கை எனக்கு இருக்கிறது என்று எழும்பி நின்று சொல்லியிருக்கிறேன்.

வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்கள். வாசலில் செருப்புப் போடும்போது அவ என் மனைவியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "புள்ள என்னத்தத் தின்டா என்ன, தின்னாட்டி என்ன. தங்கமான புள்ள. ஆனா இந்த ஊட்டில என்ட மகன் எப்பிடிப் பயமில்லாம ஒரு வாய்ச் சோறு தின்னுவான், சொல்லுங்க ராத்தா?"

அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

மறுநாள் காலையில் மகள் கிணற்றடியில் நின்றாள். நான் போய், "நடந்தது நடந்து போச்சி. ஒனக்கு ஒண்டும் ஆகல்லதானே?" என்றேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"வாப்பா, சூறாவளிக்குப் புறகு எங்கட மாட்டுக்குக் கண்டு செஞ்சீங்களே, ஞாபகம் இரிக்கா?"

முதலில் எனக்கு ஞாபகம் வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய மாட்டின் சுழியைச் சொல்லுகிறவன் நான். இது மறந்து போயிருந்தது. அவள் சொல்லச் சொல்லத்தான் வந்தது. சூறாவளியில் தென்னை விழுந்து எங்கள் கறவைப் பசுவின் கன்று செத்தது. கைக்குழந்தையாக இருந்த என் மகனுக்குப் பால் வேண்டும். மனைவிக்குக் காய்ச்சலில் பால் வற்றியிருந்தது. கடைகளில் பால்மா டின் இல்லை, சில இடங்களில் கடையே இல்லை. கன்று முன்னால் நிற்காமல் பசு பால் விடாது. இதற்குப் பட்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்துவது. நான் அரை நாளில் செய்து முடித்தேன். ஆனால் கால்கள் நிற்கவில்லை. பிடித்துக்கொண்டு நிற்க மகளைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு மாசம் நான்தான் புடிச்சன்," என்றாள். "அது நக்க நக்க மயிர் கழண்டு வந்திச்சி. மறுகா என்ட கைய நக்கும். கண்டு மாதிரிக் கத்தச் சொன்னீங்க. கத்தினன். அது திருப்பிக் கத்திச்சி வாப்பா. நான் கத்தக் கத்தப் பால் விட்டிச்சி. அதுக்குப் புறகு எனக்குப் பால் ஏலாமப் போயிட்டு. மத்ததெல்லாம் ஒண்டொண்டாப் போயிட்டு."

"தம்பி பசியில கிடந்தானே மகள்."

"ஓம். அதாலதான் நான் ஒண்டும் சொல்லல்ல. தம்பிக்கு அது வேணும். செஞ்சது சரிதான்." வாளியை எடுத்தாள். "நேத்து ஆர் வாப்பா பசியில கிடந்த?"

சந்தையில் எந்த வாய்க்கும் பதில் வைத்திருந்த நான், அவள் கையிலிருந்து வாளியை வாங்கப் போனேன். அவள் தரவில்லை.

அன்றைக்கே வீட்டைச் சுற்றிய வளவின் மூலையில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். ஒரு சட்டி, ஒரு அகப்பை, ஒரு கோப்பை. எங்கள் குசினிக்குள் வேலைக்கு வருவாள், எங்களுக்கு மீன்கூட வெட்டித் தருவாள். ஆனால் அங்கே ஆக்கிய ஒரு பருக்கையும் தின்னமாட்டாள். "நான் என்ட கையால தேங்கா துருவித் தாறன், பாத்துக்கிட்டு இரு," என்று அவள் உம்மா கெஞ்சியும் பார்த்தாள். "நீங்க அண்டைக்குப் பாத்துக்கிட்டுத்தானே உம்மா இருந்த," என்றாள். அதற்குப் பிறகு என் மனைவி கேட்கவில்லை.

ஊரில் கதை இரண்டாகப் பிரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், காரணத்தை வெளியில் சொல்லவில்லை. அதனால் ஊர், மரக்கறிப் பழக்கத்தால் கலியாணம் குழம்பியது என்றது. நானும் தலையை ஆட்டினேன். "என்ன செய்ற, அவட பழக்கம்," என்று என் வாயாலேயே கடையில் சொன்னேன். என் பிழையை அவள் தலையில் நான்கு வருடம் சுமக்க விட்டேன். சம்பந்தம் ஒன்றும் வரவில்லை. வெள்ளையடித்த வீடு பூட்டிக் கிடந்தது. அவள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திருத்தி ஒரு வார்த்தை வெளியில் சொன்னதில்லை.

கடைசியில் பொத்துவிலிலிருந்து ஒரு தையல்காரர் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், அமைதியானவர். அவருக்கு மட்டும் நான் உண்மையைச் சொன்னேன். எலும்புத் தண்ணீர், திரைச்சீலை எல்லாம். அவர், "அவ சமைக்கிறது எனக்குப் போதும் மாமா," என்றார். கலியாணம் முடிந்து, பூட்டிக் கிடந்த வீடு திறந்தது. இன்றைக்கும் அந்த வீட்டில் அவர் மீன் தின்ன ஆசைப்பட்டால் வெளியில் போய்த் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவார். ஆனால் மறைக்கமாட்டார். "இண்டைக்கு மீன் தின்டுட்டன்," என்று வாசலிலேயே சொல்லுவார். அவள் சிரிப்பாள்.

நான் இறைச்சியை விடவில்லை. விட்டேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். கடையும் நடந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஹஜ்ஜுக்குப் போக வாய்த்தது. எங்கள் மடுவத்தில் தண்ணீர் அள்ளித் தொழில் தொடங்கியவர்களில் முதலில் போனவன் நான்தான். போகிறவன் ஊரில் எல்லோரிடமும் பொருத்தம் கேட்க வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி. வீடு வீடாகப் போனேன். மாப்பிள்ளையாக வர இருந்த அந்த எழுதுவினைஞரின் உம்மாவிடமும் போனேன். எல்லோரும் பொருந்திக்கொண்டார்கள். மகளிடம் கடைசியாகப் போனேன். போகும்போது ஒரு தட்டில் தொதல் வாங்கிக்கொண்டு போனேன். அரிசி மா, கருப்பட்டி, தேங்காய்ப்பால், நெய் இல்லை. செய்தவளைப் பக்கத்தில் நின்று பார்த்து வாங்கினேன்.

"பொருந்திக்க மகள்."

"பொருந்திட்டன் வாப்பா. அல்லாவுக்காகப் பொருந்திட்டன்." கண் கலங்கித்தான் சொன்னாள்.

"அப்ப இதில ஒரு துண்டு தின்னு."

தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பொருந்துறது வேற, தின்னுறது வேற வாப்பா," என்றாள். "போயிட்டு வாங்க."

மக்காவில் என்ன துஆ கேட்டீர்கள் என்று கேட்டவர்களிடம் பெரிய பெரிய விஷயங்களைச் சொல்லியிருக்கிறேன். நாடு, சமூகம், சண்டை முடிய வேண்டும் என்றெல்லாம். அதையும் கேட்டேன்தான். ஆனால் கஃபாவைப் பார்த்ததும் வாயில் முதலில் வந்தது, இந்தப் பிள்ளை ஒரு தரம் என் கையால் ஒரு வாய் தின்ன வேண்டும் என்பது.

எனக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. போன வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். எனக்குச் சோறும் பருப்பும் கீரையும் வைத்தாள். வயிறு நிறையத் தின்றேன். நான் கொண்டு போனது வாழைப்பழம், தோல் உரிக்காதது, தாரோடு. வாங்கிக்கொண்டாள். தனக்கென்று ஒன்றும் எடுக்காமல், ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.